நெஞ்சுக்குள் ஓடும் பம்பு செட்



"நெஞ்சு படபடன்னு அடிக்குது", "மனசு பக்குன்னு ஆயிடுச்சு" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! அப்படி அடிப்பது எது, எதற்காக அடிக்கிறது, எப்படி அடிக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறோமா? குழுவின் வரவு செலவை வரி வரியாகப் பார்க்கத் தெரிந்த நமக்கு, நம் நெஞ்சுக்குள் நடக்கிற வரவு செலவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இதழில் இதயத்தைப் பற்றிப் பார்ப்போம். கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். நடுவில் செய்து பார்க்கவும் ஒரு பயிற்சி இருக்கிறது.

கைப்பிடி அளவு, 480 குடம் வேலை

உங்கள் கையை மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இதயம். எடை சுமார் கால் கிலோ. இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து இருக்கிறது. முழுக்க முழுக்கத் தசையால் ஆன ஒரு பை அது. சுருங்கும், விரியும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒரு தடவை சுருங்கினால் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. நிமிடத்துக்கு 72 தடவை என்று வைத்தால் 5 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் கணக்குப் போட்டால் 480 குடம்!

தெருக் குழாயிலிருந்து பத்துக் குடம் தூக்கி வந்தாலே நமக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இந்தக் கால் கிலோ தசை நாள் தவறாமல் 480 குடம் இறைக்கிறது. நாம் தூங்கும்போதும் இறைக்கிறது.

நாலு அறை, நாலு வால்வு

இதயத்துக்குள் நாலு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் ஒரு சுவர் வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் பிரிக்கிறது. மேல் அறைகள் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். கீழ் அறைகள் அதை வெளியே தள்ளும்.

போன ரத்தம் திரும்பி வராமல் இருக்க நாலு வால்வுகள் உள்ளன. நம் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதல்லவா, அதே வேலைதான். ஒரு பக்கம் மட்டும் திறக்கும். டாக்டர் காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்துக் கேட்கிறாரே, "லப் டப், லப் டப்" என்று ஒரு சத்தம், அது இந்த வால்வுகள் மூடுகிற சத்தம். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வுகள் மூடும்போது "லப்". வெளியே போகிற வழியில் உள்ள வால்வுகள் மூடும்போது "டப்".

சரி, மோட்டார் என்றால் கரண்டு வேண்டுமே? அதுவும் உள்ளேயே இருக்கிறது. வலது மேலறையில் ஒரு சின்ன இடம் தானாகவே மின்சாரத்தை உண்டாக்கி, "சுருங்கு, சுருங்கு" என்று கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுதான் ஸ்டார்ட்டர். நல்லவேளை, இங்கே கரண்டு கட் கிடையாது! ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கிறார்களே, அந்த மின்சாரம் ஒழுங்காகப் பாய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

இரண்டு சுற்று

இதயம் ஒரு பம்பு அல்ல, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்த இரண்டு பம்பு.

உடம்பு முழுவதும் வேலை செய்து களைத்த ரத்தம், பிராணவாயு குறைந்து, கருஞ்சிவப்பாக வலது பக்கத்துக்கு வருகிறது. வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே நாம் இழுத்த மூச்சிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொண்டு, கழிவுக் காற்றைக் கொடுத்துவிட்டு, பளிச்சென்ற சிவப்பாகி இடது பக்கத்துக்கு வருகிறது. இடது கீழறை அதை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது.

வலது கீழறைக்கு வேலை கொஞ்சம்தான். பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். தொட்டிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. இடது கீழறையோ மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் மாதிரி. அதனால் அதன் சுவர் வலதைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன்.

ரத்தமும் ஒரு சுழல் நிதிதான்

ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தம் இருப்பது சுமார் நாலரை லிட்டர் ரத்தம். ஆனால் இதயம் ஒரு நாளைக்கு இறைப்பதோ 7,200 லிட்டர். இது எப்படி?

நம் குழுவை நினைத்துப் பாருங்கள். பெட்டியில் இருக்கிற பணம் கொஞ்சம்தான். ஆனால் அதே பணம் ஒருத்திக்கு ஆட்டுக் கடனாகப் போகிறது, திரும்பி வருகிறது, இன்னொருத்திக்குப் பள்ளிக்கூடச் செலவுக்குப் போகிறது, மறுபடி வருகிறது. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், கொடுத்த கடன் மொத்தம் பெட்டியில் இருந்ததைவிடப் பல மடங்காக இருக்கும். பணம் சுழன்றதால் வந்த பலன். ரத்தமும் அப்படித்தான். அதே நாலரை லிட்டர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

இந்த உண்மை உலகத்துக்கு ரொம்ப நாள் தெரியாது. கல்லீரல் தினமும் புது ரத்தத்தை உண்டாக்குகிறது, வாய்க்கால் தண்ணீர் வயலில் சுவறிப்போவது போல உடம்பு அதைக் குடித்துத் தீர்த்துவிடுகிறது என்றே ஐரோப்பாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி என்ற டாக்டர்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம், அரை மணி நேரத்துக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்கினார். ரொம்பக் குறைத்துப் போட்டுப் பார்த்தும், உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. இவ்வளவு ரத்தத்தை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. அப்படியென்றால் போன ரத்தம்தான் திரும்பி வருகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1628-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். பெருக்கல் கணக்கால் ஒரு பெரிய நம்பிக்கையே மாறிப்போனது!

இதற்கு ஹார்வி காட்டிய இன்னொரு அத்தாட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது நர்சம்மா மேல் கையில் ரப்பர் குழாயைக் கட்டுவார். கட்டுக்குக் கீழே, விரல் பக்கம்தான் நரம்பு புடைக்கும். தோள் பக்கம் புடைக்காது. ஏன்? நாம் நரம்பு என்று சொல்கிற அந்த ரத்தக் குழாயில் ரத்தம் விரல் பக்கமிருந்து இதயத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கட்டு அதை மறிக்கிறது. அதனால் தேங்கிப் புடைக்கிறது.

போகிற குழாய்க்கும் வருகிற குழாய்க்கும் நடுவே இணைப்பு எது என்று ஹார்விக்குக் கண்ணால் காண வாய்ப்பில்லை. 1661-ல் இத்தாலி நாட்டு மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய குழாய்களைக் கண்டுபிடித்தார். இந்த மெல்லிய குழாய்களில்தான் கொடுக்கல் வாங்கலே நடக்கிறது. சத்தும் பிராணவாயுவும் உடம்புக்குள் இறங்குகின்றன. கழிவு ரத்தத்தில் ஏறுகிறது.

கூட்டத்தில் செய்து பாருங்கள்

1. வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில், கட்டை விரலுக்கு நேர் கீழே மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரிகிறதா? ஒருவர் கடிகாரத்தைப் பார்க்க, ஒரு நிமிடம் எண்ணுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது சரி.

2. எழுந்து இருபது தடவை உட்கார்ந்து எழுங்கள். முடியாதவர்கள் செய்ய வேண்டாம். மறுபடி எண்ணுங்கள். கூடியிருக்கும். கால் தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கின்றன, பம்பு வேகமாக ஓடுகிறது.

3. கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் நரம்பு புடைக்கும். இப்போது தலைக்கு மேலே தூக்குங்கள். புடைத்தது அடங்கிவிடும். ரத்தம் இதயத்தைப் பார்த்து இறங்கிவிட்டது.

முதல் பங்கு யாருக்கு?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் அந்தத் தசைக்கும் சோறு வேண்டாமா? அதன் அறைகளுக்குள் லிட்டர் லிட்டராக ரத்தம் ஓடினாலும், அந்தத் தடித்த சுவர் அதிலிருந்து குடித்துக்கொள்ள முடியாது. அதற்கென்று தனிக் குழாய்கள் உண்டு. இடது கீழறையிலிருந்து கிளம்புகிற பெரிய குழாயில், முதன்முதலாகப் பிரிகிற இரண்டு கிளைகள் எங்கே போகின்றன தெரியுமா? மூளைக்கு அல்ல, வயிற்றுக்கு அல்ல. திரும்பி இதயத்துக்கே வருகின்றன. ஊருக்கெல்லாம் பரிமாறுகிற இதயம், முதல் பங்கைத் தனக்கு எடுத்து வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுகிறது.

இது சுயநலம் இல்லை. அது நின்றால் எல்லோரும் பட்டினி.

இன்னொன்றும் இருக்கிறது. இதயம் ஓய்வே எடுப்பதில்லை என்று சொல்வார்கள். அது சரியில்லை. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கி வேலை செய்வது சுமார் 0.3 விநாடி. மீதி 0.5 விநாடி தளர்ந்து ஓய்வு. 24 மணி நேரத்துக்குக் கூட்டிப் பாருங்கள். 9 மணி நேரம் வேலை, 15 மணி நேரம் ஓய்வு! அந்த ஓய்வில்தான் இடது பக்கத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் போய்ச் சேருகிறது. சுருங்கி இருக்கும்போது உள்ளே இருக்கிற குழாய்கள் நசுங்கியிருக்கும். தளர்ந்தால்தான் ரத்தம் பாயும். அதாவது, ஓய்வு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் வழித்துச் சாப்பிடுகிறோம். எல்லோரும் படுத்த பிறகு நாம் படுக்கிறோம். உடம்புக்கு ஒன்று என்றால் கடைசியாக நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வீட்டையே இறைத்து ஓட்டுகிறவள் தன் பங்கை எடுத்து வைப்பது தப்பா? நம் நெஞ்சே அப்படிச் செய்வதில்லையே! இதை வீட்டில் உள்ள ஆண்களும் மாமியார்களும் மருமகள்களும் சேர்ந்து யோசிக்க வேண்டும்.

பழுது எங்கெங்கே வரும்?

மோட்டார் பழுதானால் என்னென்ன பார்ப்போம்? குழாய், வால்வு, தண்ணீர். இங்கேயும் அதுதான்.

குழாயில் அழுத்தம் கூடுவது: இதுதான் பிரஷர். 120-க்கு 80 என்று எழுதித் தருகிறார்களே, மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் தளரும்போது உள்ளது. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பிரஷர் நோய். தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைக்காதீர்கள். பலருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. உள்ளே மட்டும் பம்பு திணறிக்கொண்டிருக்கும், குழாய்கள் கெட்டுக்கொண்டிருக்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து. மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறோம். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

வால்வு கெடுவது: ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறி மாறி வீக்கமும் வலியும் வந்தால், வளர்கிற வலி என்று விடாதீர்கள். மூட்டுவாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி போய்விடும். ஆனால் அது இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகலாம். டாக்டர் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால், வருஷக்கணக்கானாலும் ஒன்றுகூடத் தவற விடக் கூடாது. கர்ப்ப காலத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடும். சின்ன வயதில் வால்வு கெட்ட பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சுத் திணறல் முதன்முதலாக வெளியே தெரியலாம். அதனால் கர்ப்பிணிக்குப் படுத்தால் மூச்சு முட்டினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரத்தத்தில் சத்து குறைவது: ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும் இருக்க வேண்டும். குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் போய்ச் சேருகிற பிராணவாயு குறைவு. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதும் படபடப்பும் அதனால்தான். கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன், ஈரல் என்று முடிந்ததைச் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் வாயில் போடுங்கள்!

மாரடைப்பு: நேரம்தான் உயிர்

இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற அந்த முதல் பங்குக் குழாய் அடைபட்டால் அதுதான் மாரடைப்பு. குழாயின் உள்சுவரில் வருஷக்கணக்காகக் கொழுப்புப் படிந்திருக்கும். ஒரு நாள் அது வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ள தசை, தண்ணீர் இல்லாத நாற்றங்கால் மாதிரி சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப முளைக்காது. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பெண்களுக்கு மாரடைப்பு வராது என்பது தவறு. மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் இன்னும் கூடும். பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் கெடுதல்தான்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், எரிச்சல், வலி
- வலி இடது கை, இரண்டு கை, தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறு என்று பரவுவது
- திடீரென்று குப்பென வியர்ப்பது
- மூச்சு வாங்குவது, வாந்தி, குமட்டல், தலை கிறுகிறுப்பு
- காரணமில்லாத அசதி

பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் நெஞ்சு வலி பெரிதாக இல்லாமல் மூச்சு வாங்குவது, வாந்தி, முதுகு வலி, அசதி என்று மட்டும் வருவது பெண்களிடம் அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடிக்கிறோம், ஓமத் தண்ணீர் குடிக்கிறோம், தைலம் தேய்த்துப் படுக்கிறோம். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போறேன்", "புள்ளை ஸ்கூல்லேருந்து வரட்டும்" என்கிறோம். அந்த நேரத்தில்தான் தசை செத்துக்கொண்டிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

- வேலையை அப்படியே விட்டு உட்காருங்கள். நடக்க வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம்.
- 108-க்குப் போன் செய்யுங்கள். "நெஞ்சு வலி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காசு கிடையாது.
- அரசு ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் உடனே போகலாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் தர வேண்டிய மாத்திரைகளைக் கிராமத்துச் சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்க ஏற்பாடு உண்டு. நாமாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது.
- போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைச் சீட்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் எப்போதும் வைத்திருங்கள்.

சோதித்துப் பார்த்து "வாயுதான்" என்று டாக்டர் சொன்னால் சந்தோஷம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

குழுவில் நாம் செய்யக்கூடியது

2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற பெண் தன்னார்வலர்கள், நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களை ஒரு குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள். 30 வயது தாண்டிய எல்லா உறுப்பினர்களுக்கும் பிரஷர் பார்த்து, எண்ணை அவரவர் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சேமிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது போல, பிரஷர் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வேலை. மருத்துவ அவசரத்துக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் கடன் கொடுக்க, தொகையையும் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானமாக எழுதி வையுங்கள். இரவு நேரத்தில் வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிற நிலை நம் உறுப்பினர் யாருக்கும் வரக் கூடாது. ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் மாட்டையும் பிள்ளையையும் யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பல அக்காமார்கள் கிளம்பாமல் தயங்குவதற்குக் காரணமே அதுதான்.

இதயம் முதல் பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டு, துடிப்புக்குத் துடிப்பு ஓய்வெடுத்து, ஊருக்கெல்லாம் இறைக்கிறது. அதனால்தான் எண்பது, தொண்ணூறு வருஷம்கூட ஓடுகிறது. நாமும் நம் பங்கை எடுத்து வைப்போம். சுழற்சி நிற்காமல் பார்த்துக்கொள்வோம்.